கதை உங்களுடையதுதான், ஆனால் அக்காவின் வாழ்க்கை?

மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன். நாற்பதைத் தாண்டியவர், தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதும் வேலை, கிடைக்கும் நேரத்தில் சிறுகதைகளும் அனுபவக் கட்டுரைகளும் எழுதுகிறார். ஒன்றரை வருஷத்துக்கு முன் வாட்ஸ்அப் குழுவில் வந்த அறிவிப்பைப் பார்த்து ஒரு தொகுப்பு நூலுக்குச் சிறுகதை அனுப்பினார். ஐம்பது எழுத்தாளர்கள், ஆளுக்கு 1,200 ரூபாய் பங்களிப்புத் தொகை, இரண்டு பிரதிகள், சான்றிதழ், கேடயம். கூகுள் படிவத்தில் "தேர்வாகும் படைப்பின் முழு உரிமையும் பதிப்பகத்தையே சாரும்" என்ற வரிக்கு எதிரே டிக் அடித்திருக்கிறார். புத்தகம் வந்தபோது கதையின் கடைசிப் பத்தியைக் காணோம், அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை. இப்போது தன் கதைகளைச் சேர்த்துச் சொந்தமாக ஒரு தொகுப்பு கொண்டுவரப் பார்க்கிறார். அந்தப் பதிப்பாளரோ, "அந்தக் கதை எங்களுடையது, தடையில்லாச் சான்று வேண்டுமென்றால் 5,000 ரூபாய் கட்டுங்கள், அடுத்து அதை யூடியூபில் ஒலிக்கதையாகவும் போடப்போகிறோம்" என்கிறார்.

இரண்டாவது பிரச்சினை ஒரு கட்டுரை. பெண்களின் சொந்த அனுபவங்களைத் தொகுக்கும் வேறொரு நூலுக்கு அனுப்பி, தேர்வாகி, ஒப்பந்தமும் கையெழுத்துக்கு வந்துவிட்டது. அப்பாவின் குடி, அக்காவின் முதல் திருமணம் முறிந்தது, அந்த வீட்டில் அக்கா பட்ட பாடு, நடுவில் கரு கலைந்தது என எல்லாம் அதில் இருக்கிறது. அக்கா முதலில் போட்ட விவாகரத்து மனுவிலிருந்து சில வரிகளையும் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார். அக்காவுக்கு மறுமணமாகி அதே ஊரில்தான் இருக்கிறார். விஷயம் காதுக்கு எட்டியதும், "இது அச்சில் வந்தால் கோர்ட்டுக்குப் போவேன்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்திவிட்டாராம். "பெயர்களை மாற்றிவிட்டேன், எழுதியதெல்லாம் உண்மை, அப்புறம் எப்படி வழக்கு வரும்?" என்று வாசகி கேட்கிறார். கூடவே, ஃபேஸ்புக்கில் போட்ட கதையைத் தொகுப்புக்கு அனுப்பலாமா, கதையை நமக்கு நாமே தபாலில் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தால் பதிப்புரிமை கிடைக்குமாமே என்றும் இரண்டு சின்னக் கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் கதையைப் பற்றி எழுதும் இடமெல்லாம் பயம் தெரிகிறது, கட்டுரையைப் பற்றி எழுதும் இடமெல்லாம் உறுதி தெரிகிறது. ஒரு வழக்கறிஞராகப் பார்க்கும்போது இது நேர் எதிராக இருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. கதையில் உங்களுக்கு நீங்கள் நினைப்பதைவிட அதிக உரிமை இருக்கிறது. கட்டுரையில் நினைப்பதைவிடக் குறைவு. அதனால்தான் பதிலில் பெரும்பகுதி கட்டுரைக்குப் போகிறது.

முதலில் கதை

பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி ஒரு கதையை எழுதி முடித்த அந்த நிமிஷமே அது எழுதியவருக்குச் சொந்தம். பதிவு செய்ய வேண்டியதில்லை, ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண் வேண்டியதில்லை, யாரும் சான்று தர வேண்டியதில்லை. உங்கள் வாழ்நாள் முழுக்கவும், அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் அந்த உரிமை நிற்கும். தொகுப்பாசிரியருக்கும் ஓர் உரிமை உண்டு, ஆனால் அது கதைகளைத் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்திய அந்த மொத்தத் தொகுப்பின்மீது உள்ள உரிமை. உள்ளே இருக்கும் உங்கள் கதை அதனால் அவருடையதாகிவிடாது.

உரிமை இன்னொருவருக்குப் போவதற்குச் சட்டத்தில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று உரிமையையே எழுதிக் கொடுப்பது, இன்னொன்று பயன்படுத்த அனுமதி கொடுப்பது. வீட்டைக் கிரயம் செய்வதற்கும் வாடகைக்கு விடுவதற்கும் உள்ள அதே வித்தியாசம்தான். அனுமதி என்றால் எழுத்தில் இருந்தால் போதும், 2012 திருத்தத்துக்குப் பிறகு கையெழுத்துகூடக் கட்டாயமில்லை, ஆகவே நீங்கள் நிரப்பிய படிவம் அந்தத் தொகுப்பில் கதையை அச்சிட அவருக்குக் கிடைத்த அனுமதிதான், அதை மறுக்க முடியாது. ஆனால் உரிமையையே மாற்றிக் கொடுக்க வேண்டுமென்றால் பிரிவு 19 கேட்பது அதிகம். எழுத்தில் இருக்க வேண்டும், நீங்கள் கையெழுத்திட்டிருக்க வேண்டும், எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு என்பதெல்லாம் குறிப்பிட்டிருக்க வேண்டும், ராயல்டியோ வேறு தொகையோ என்ன என்பதும் இருக்க வேண்டும். "முழு உரிமையும் பதிப்பகத்தையே சாரும்" என்ற ஒற்றை வரியில் இதெல்லாம் எங்கே இருக்கிறது? ஒரு டிக்கைக் கையெழுத்தாக எடுத்துக்கொள்ளலாமா என்று அவர் தரப்பில் வாதாட இடமிருக்கலாம், என் பார்வையில் அந்த வாதம் பலவீனமானது.

சரி, அவர் சொல்வதே சரி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்போதும் சட்டம் உங்களைக் கைவிடவில்லை. காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் மட்டும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். அதைவிட முக்கியம், எழுதி வாங்கிய உரிமையை ஓர் ஆண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஆவணத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தாலொழிய, அந்த உரிமை காலாவதி ஆகிவிடும். அச்சு உரிமையை அவர் பயன்படுத்திவிட்டார், ஒலி உரிமையைத் தொடவே இல்லை, ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. ஆக, யூடியூபில் போடுவோம் என்ற மிரட்டலுக்கு அவருடைய கணக்கிலேயே அடிப்படை இல்லை.

அதனால் 5,000 ரூபாயைத் தயவுசெய்து கட்டாதீர்கள். போவது பணம் மட்டுமல்ல. "உங்கள் உரிமையில் உள்ள கதையை வெளியிட அனுமதி பெற்றேன்" என்ற பொருளில் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால், இதுவரை இல்லாத உரிமையை நீங்களே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும்.

நான் சொல்வதெல்லாம் நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியை நம்பித்தான். படிவத்தின் நகல் உங்கள் மின்னஞ்சலில் இருக்கலாம், தேடிப் பாருங்கள். அதில் "நிரந்தரமாக", "உலகம் முழுவதும்", "எல்லா வடிவங்களிலும்" என்ற சொற்கள் இருக்கின்றனவா, பிற்பாடு ஏதாவது பிடிஎஃப்-இல் கையெழுத்திட்டு அனுப்பினீர்களா என்று பாருங்கள். இருந்தால் என் பதில் மாறும், அந்தத் தாளோடு ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். இல்லையென்றால் பதிப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் போதும். கதையின் பெயரைக் குறிப்பிட்டு, அந்தத் தொகுப்பில் அச்சிட மட்டுமே அனுமதி தந்ததாகவும், உரிமையை எழுதிக் கொடுக்கவில்லை என்றும், ஒலி, மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமைகள் உங்களிடமே இருப்பதாகவும், சொந்தத் தொகுப்பில் கதையைச் சேர்க்கப்போவதாகவும் நாலு வரி, கோபமில்லாமல். புதிய பதிப்பாளரிடமும் இந்த விவகாரத்தை மறைக்காமல் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அவர் உங்களிடம் "இந்தக் கதைகளில் வேறு யாருக்கும் உரிமை இல்லை" என்று எழுதி வாங்குவார். பழைய புத்தகத்தின் பக்கங்களை அப்படியே எடுத்துப் போடாமல் உங்கள் கைவசம் உள்ள பிரதியையே கொடுங்கள். முன்பு எந்தத் தொகுப்பில் வந்தது என்று ஒரு வரி நன்றி போட்டுவிடுவது மரியாதை.

அதில் அந்தக் கடைசிப் பத்தியும் திரும்பி வந்துவிடும். அதை வெட்டியது பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள், ஆனால் எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை. பிரிவு 57 எழுத்தாளருக்கு இரண்டு உரிமைகளைத் தருகிறது, உரிமையை முழுதாக எழுதிக் கொடுத்த பிறகும் அவை போகாது. படைப்பு என்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை ஒன்று. படைப்பைச் சிதைத்து, அதனால் என் மதிப்புக்கோ நற்பெயருக்கோ கேடு வந்தால் தடுக்கவும் இழப்பீடு கேட்கவும் உள்ள உரிமை இன்னொன்று. இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி தன் நாவலைப் படமாக்கியவர்களுக்கு எதிராக இந்தப் பிரிவை வைத்துத்தான் 1986-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வாதாடினார், படமாக்கும் உரிமையைக் கொடுத்துவிட்டதால் எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. உங்கள் விஷயத்தில் ஒரு பத்தி போனதற்காக வழக்குப் போடச் சொல்ல மாட்டேன், நற்பெயருக்குக் கேடு என்று காட்டுவது சிரமம். ஆனால் அடுத்த பதிப்பு வந்தால் முழுக் கதையைப் போட வேண்டும், இல்லையேல் கதையையே எடுத்துவிட வேண்டும் என்று அதே மின்னஞ்சலில் கேளுங்கள்.

பணம் கட்டிச் சேரும் தொகுப்புகள்

பணம் வாங்கித் தொகுப்பு போடுவது குற்றமில்லை. ஆனால் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். ஐம்பது பேர், ஆளுக்கு 1,200 என்றால் 60,000 ரூபாய். இன்றைக்கு டிஜிட்டல் அச்சில் தேவைக்கேற்ப நூறு, நூற்றைம்பது பிரதிகள் மட்டும் அடிக்க முடியும், அதில் நூறு பிரதிகள் எழுதியவர்களுக்கே போய்விட்டால் வாசகர் என்று ஒருவர் மிச்சமிருக்கிறாரா? அடுத்த முறை பணம் கட்டும் முன், எத்தனை பிரதி, எங்கே விற்பனை, யார் தேர்வு செய்கிறார்கள், அனுப்பியதில் எதையாவது நிராகரித்தார்களா, சென்னைப் புத்தகக் காட்சியில் எந்த அரங்கில் கிடைக்கும் என்று கேளுங்கள். "ஐஎஸ்பிஎன் கட்டணம்" என்று தனியாகக் கேட்டால் உஷாராகிவிடுங்கள், ராஜாராம் மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத்தான் தருகிறது. அச்சிட்ட ஒவ்வொரு நூலையும் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் பதிப்பாளர் 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்று 1954 முதல் சட்டம் இருக்கிறது. "கன்னிமாராவுக்கு அனுப்பிவிட்டீர்களா?" என்ற ஒரு கேள்விக்கு வரும் பதிலிலேயே எதிரே இருப்பவர் யார் என்பது ஓரளவு தெரிந்துவிடும். பணம் வாங்கிக்கொண்டு புத்தகமே தராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணமும் கிடையாது.

இனி கட்டுரை

பெயரை மாற்றிவிட்டேன் என்கிறீர்கள். சகோதரி, கட்டுரைக்குக் கீழே உங்கள் சொந்தப் பெயர் இருக்கிறது, பின்பக்கத்தில் ஊர் இருக்கிறது, படமும் வரும். "என் அக்கா" என்று நீங்கள் எழுதும்போது அந்த அக்காவுக்கு மாலதி என்று பெயர் வைத்தாலும் மல்லிகா என்று வைத்தாலும் உங்கள் தெருவில் உள்ள அத்தனை பேருக்கும் யாரென்று தெரியும். சிறுகதையில் தொழிலை, ஊரை, பிள்ளைகளின் எண்ணிக்கையை, நடந்த வரிசையைக்கூட மாற்றி ஆளை மறைக்கலாம் (அங்கேயும் "அனைத்தும் கற்பனையே" என்ற வரி மட்டும் காப்பாற்றிவிடாது), அனுபவக் கட்டுரையில் எழுதியவரின் பெயரே மற்ற எல்லோரையும் காட்டிக் கொடுத்துவிடும். பெயர் மாற்றுவது அங்கே ஒரு மரியாதை, அவ்வளவுதான், பாதுகாப்பு அல்ல.

அடுத்து, எல்லாம் உண்மை என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் தனியுரிமை என்று வரும்போது உண்மை என்பதே பதிலாகாது. இதற்கான முக்கியமான தீர்ப்பு நம் ஊர் வழக்கில்தான் வந்தது. ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய வாழ்க்கைக் கதையை வெளியிட நக்கீரன் முயன்றபோது அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள், விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய் 1994-இல் தீர்ப்பு வந்தது. முன்கூட்டியே தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை, பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிடலாம் என்று பத்திரிகைக்குச் சாதகமாகச் சொன்ன அதே தீர்ப்பு, ஒருவருடைய குடும்பம், திருமணம், தாய்மை, பிள்ளைப்பேறு போன்றவற்றை அவர் சம்மதமில்லாமல் யாரும் வெளியிடக் கூடாது என்றும் சொன்னது, அது உண்மையாக இருந்தாலும் பொய்யாக இருந்தாலும், பாராட்டாக இருந்தாலும் விமர்சனமாக இருந்தாலும். 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தனியுரிமையை அடிப்படை உரிமை என்றே அறிவித்துவிட்டது. உங்கள் அக்காவின் கரு கலைந்தது நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்த விஷயம்தான், அந்த வலியில் உங்களுக்கும் பங்கு உண்டு, இருந்தாலும் அது அவர் உடம்பில் நடந்தது. அக்கா உரிமையியல் நீதிமன்றத்தில் தடை கேட்டுப் போனால், அவர் தரப்பு வெறும் கோபம் என்று ஒதுக்கிவிடும்படி இருக்காது.

விவாகரத்து மனுவிலிருந்து எடுத்த வரிகள் இதைவிட அவசரம், அவற்றை இன்றே நீக்குங்கள். "கோர்ட்டில் போட்ட மனுதானே, பொது ஆவணம்தானே" என்று நினைத்திருப்பீர்கள். இந்து திருமணச் சட்டம் பிரிவு 22 இந்த வழக்குகளை மூடிய அறையில் நடத்தச் சொல்கிறது, அந்த நடவடிக்கைகள் தொடர்பான எதையும் அச்சிடுவதையோ வெளியிடுவதையோ தடை செய்கிறது. நீதிமன்ற அனுமதியோடு வெளியாகும் உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு மட்டும்தான் விலக்கு. அபராதம் 1,000 ரூபாய் வரைதான், அது பெரிதில்லை, ஆனால் சட்டமே வேண்டாம் என்று சொன்ன ஒன்றை அச்சில் போட்டுவிட்டால் பிறகு வரும் எந்த வழக்கிலும் உங்கள் நிலை இறங்கிவிடும்.

அக்காவின் முதல் கணவர் விஷயம் வேறு. வரதட்சணை கேட்டு அடித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள், அது ஒரு குற்றத்தை அவர்மேல் சுமத்துவது. அவதூறு இப்போது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 356-இல் இருக்கிறது, இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. அங்கே உண்மை என்பது மட்டும் போதாது, அதை வெளியிட்டது பொது நன்மைக்காக என்றும் காட்ட வேண்டும். இழப்பீடு கேட்கும் உரிமையியல் வழக்கில் உண்மை முழுமையான பதில்தான், ஆனால் நிரூபிக்க வேண்டியது நீங்கள். எதைக் கொண்டு நிரூபிப்பீர்கள்? முதல் மனுவைப் பிறகு பரஸ்பர சம்மத விவாகரத்தாக மாற்றிக்கொண்டார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சம்மத விவாகரத்தில் யார்மேல் தவறு என்று நீதிமன்றம் எதுவும் சொல்லாது. சாட்சி சொல்லக்கூடியவர் அக்கா ஒருவர்தான், அவரோ இப்போது உங்களோடு பேசுவதில்லை.

அப்பாவைப் பற்றி எழுதியதில் எனக்குப் பெரிய கவலை இல்லை. இறந்தவரைப் பற்றியும் அவதூறு வழக்கு வரலாம், ஆனால் குடும்பத்தாரின் மனதைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தது என்று காட்ட வேண்டும். ஒரு மகள் தன் அப்பாவின் குடியை, அந்த வீட்டில் தான் வளர்ந்ததை, சாயங்காலம் ஆனால் வாசலில் கேட்கும் செருப்புச் சத்தத்தை வைத்து அன்றைய ராத்திரி எப்படிப் போகும் என்று கணித்ததை எழுதுவதில் அந்த நோக்கம் எங்கே இருக்கிறது? நீங்கள் அனுப்பிய பகுதியில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இது முழுக்க முழுக்க உங்களுடையது, யார் சொன்னாலும் இதைக் குறைக்காதீர்கள்.

என்ன செய்யலாம்?

உங்கள் முன்னால் நாலு வழி தெரிகிறது. கட்டுரையைத் திரும்பப் பெறுவது ஒன்று. ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்திடவில்லை, அச்சுக்கும் போகவில்லை என்பதால் இப்போது ஒரு மின்னஞ்சலில் முடியும், எந்த நல்ல தொகுப்பாசிரியரும் இதற்காக உங்களைத் தவறாக நினைக்க மாட்டார். புனைபெயரில் போடுவது இன்னொன்று. பதிப்புரிமை அப்போதும் உங்களுடையதுதான், ஆனால் படம், ஊர், வேலை எதுவும் வரக் கூடாது, உண்மைப் பெயரை வெளியிட மாட்டோம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும், வெளியீட்டு விழாவுக்குப் போகக் கூடாது, ஃபேஸ்புக்கில் பகிரக் கூடாது. முதல் புத்தகத்துக்காகக் காத்திருக்கும் உங்களால் இதெல்லாம் முடியுமா என்று யோசியுங்கள். எழுத்தாளர் வட்டாரத்தில் இப்படிப்பட்ட ரகசியம் ரொம்ப நாள் நிற்பதில்லை என்பதும் என் கருத்து.

மூன்றாவது, அக்காவின் சம்மதம். நாலாவது, கட்டுரையை உங்கள் பக்கத்திலிருந்து திருப்பி எழுதுவது. இந்த இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள் என்பதே என் யோசனை. அக்கா ஒரு பையோடு நடுராத்திரி வந்து கதவைத் தட்டியதும் நீங்கள் போய்த் திறந்ததும் நீங்கள் பார்த்தது, உங்கள் அனுபவம். அந்த வீட்டுக்குள் நீங்கள் இல்லாதபோது நடந்ததும், அக்கா உங்களிடம் அழுதுகொண்டே சொன்னதும் அப்படியல்ல. முதல் கணவரைப் பற்றி "அவள் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை" என்பதற்கு மேல் கட்டுரைக்கு எதுவும் தேவைப்படுவதாக எனக்குத் தெரியவில்லை. அந்த முதல் கணவர் சம்மதம் தரப்போவதில்லை, அக்காவின் சம்மதம் அவருக்கும் சேர்த்துச் செல்லாது.

திருத்தி எழுதிய பிறகு, தயவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். தாளில் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். அக்காவின் இரண்டாவது வீட்டில் எவ்வளவு தெரியும், எது தெரியாது என்பது உங்களுக்கு முழுதாகத் தெரியாது, அவர் மகளுக்கு இப்போது படித்துப் புரிந்துகொள்ளும் வயது, அந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் இதை எதிர்கொள்ள வேண்டியிருக்கும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். அவர் கையில் பேனாவைக் கொடுத்து, வேண்டாம் என்று தோன்றுவதை அடிக்கச் சொல்லுங்கள், அடித்ததற்குக் காரணம் கேட்காதீர்கள். சம்மதித்தால் இந்தக் கட்டுரையை, இந்த வடிவத்தில், இந்தத் தொகுப்பில் வெளியிடச் சம்மதம் என்று வெள்ளைத் தாளில் எழுதி, தேதியோடு கையெழுத்து வாங்கி, கட்டுரைப் பிரதியையும் சேர்த்து வையுங்கள். முத்திரைத்தாள் வேண்டியதில்லை. அவர் முழுதாக மறுத்தால், அக்கா வரும் பகுதியை எடுத்துவிட்டு அப்பாவைப் பற்றியது மட்டுமாக அனுப்புங்கள், அது தனியாகவே நிற்கக்கூடிய கட்டுரை என்பது என் நம்பிக்கை.

கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

இந்த இரண்டாவது தொகுப்பாசிரியர் பணம் கேட்கவில்லை, எழுத்தில் ஒப்பந்தமும் அனுப்பியிருக்கிறார், நல்ல அறிகுறி. ஆனாலும் அது அப்படியே கையெழுத்திட வேண்டிய தாள் அல்ல, திருத்தம் கேட்கலாம், கேட்பது வழக்கம்தான்.

உரிமை: "இந்தத் தொகுப்பில் அச்சு நூலாகவும் மின்னூலாகவும் வெளியிட, பிரத்தியேகமல்லாத அனுமதி" என்று இருக்கட்டும், அதாவது அதே படைப்பை நீங்கள் வேறு இடத்திலும் வெளியிடலாம். பிரத்தியேகம் வேண்டும் என்று அவர்கள் சொன்னால் நூல் வந்ததிலிருந்து ஓர் ஆண்டு என்று வரம்பு வையுங்கள், அதன்பின் உங்கள் சொந்தத் தொகுப்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்ற வரி அவசியம். மொழிபெயர்ப்பு, ஒலி, திரை உரிமைகள் எழுத்தாளரிடமே என்று தனியாக எழுதச் சொல்லுங்கள். ஒரு சிறுகதையோ கட்டுரையோ படமாகும்போதுதான் உண்மையான பணம் வருகிறது, அதை இரண்டு பிரதிக்கு விட்டுக்கொடுக்க வேண்டாம்.

திருத்தம்: எழுத்துப் பிழை தவிர வேறு எந்த மாற்றமும் உங்கள் ஒப்புதலோடுதான் என்றும், அச்சுக்குப் போகும் முன் புரூஃப் உங்களுக்கு வர வேண்டும் என்றும் இருக்கட்டும். அக்கா ஒப்புக்கொண்ட வடிவம்தான் அச்சாக வேண்டும் என்பதால் உங்களுக்கு இது இன்னும் முக்கியம்.

பொறுப்பு: "படைப்பால் எழும் எல்லாச் சட்டச் சிக்கல்களுக்கும் எழுத்தாளரே முழுப் பொறுப்பு, பதிப்பகத்துக்கு ஏற்படும் செலவையும் இழப்பையும் ஈடு செய்ய வேண்டும்" என்ற பத்தி உங்களுக்கு வந்த தாளில் இருக்கிறது, நீங்கள் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. வழக்கு வந்தால் உங்கள் வக்கீல் செலவோடு அவர்கள் வக்கீல் செலவும் உங்கள் தலையில் என்று அர்த்தம். "என் அறிவுக்கு எட்டியவரை இதில் திருட்டோ அவதூறோ இல்லை" என்ற உறுதிமொழியாகச் சுருக்கச் சொல்லுங்கள், ஈட்டுத் தொகைக்கு ஓர் உச்சவரம்பாவது வையுங்கள். மறுத்தால், கட்டுரை எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இப்போது இருக்கும் வடிவத்துக்கு இந்தப் பத்தியோடு கையெழுத்திட வேண்டாம்.

காலக்கெடு: இத்தனை மாதத்துக்குள் நூல் வராவிட்டால் அனுமதி தானாக முடிந்துவிடும் என்று ஒரு வரி.

மீதிக் கேள்விகள்

ஃபேஸ்புக்கில் எல்லோரும் படிக்கும்படி போட்டிருந்தால் பெரும்பாலான தொகுப்புகளும் போட்டிகளும் அதை வெளியான படைப்பாகத்தான் எடுத்துக்கொள்கின்றன. பதிப்புரிமை அதனால் போகாது, ஆனால் "வேறெங்கும் வெளிவராதது" என்று கையெழுத்திட்டு அனுப்பினால் அது பொய்யாகிவிடும். பதிவை நீக்கிவிட்டு அனுப்புவதும் தீர்வல்ல, முன்பே சொல்லிவிடுங்கள், சிலர் ஏற்றுக்கொள்வார்கள். ஒரே கதையை இரண்டு இடங்களுக்கு அனுப்பியிருந்தால், ஓரிடத்தில் தேர்வான அன்றே மற்ற இடத்துக்கு எழுதித் திரும்பப் பெறுங்கள்.

தபால் உறை விஷயத்தை மறந்துவிடுங்கள், அதற்குச் சட்டத்தில் எந்தத் தனி இடமும் இல்லை. தேதியோடு கூடிய மின்னஞ்சல், கணினியில் உள்ள முந்தைய வரைவுகள், அந்த ஃபேஸ்புக் பதிவு, இவையே அதைவிட நல்ல சாட்சி. பதிவு செய்துகொள்ள விரும்பினால் பதிப்புரிமை அலுவலகத்தில் இணையம் வழியாகவே செய்யலாம், ஓர் இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய். கட்டாயமில்லை, ஆனால் வழக்கென்று வந்தால் அந்தப் பதிவேடு முதல்நிலைச் சான்றாக, அதாவது எதிர்த்தரப்பு தவறென்று காட்டும்வரை ஏற்கப்படும் சான்றாக நிற்கும். ஒவ்வொரு கதைக்கும் தனித்தனியாகச் செலவழிக்காமல், சொந்தத் தொகுப்பு வந்த பிறகு அந்த நூலுக்குப் பதிவு செய்வதே உங்களுக்குச் சரியாக இருக்கும்.

பழைய பதிப்பாளர் உங்கள் மின்னஞ்சலுக்குப் பிறகு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் பதறாதீர்கள், பதில் சொல்லாமலும் விடாதீர்கள். அதற்குச் செலவழிக்க முடியாது என்று நினைக்க வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தில் இருக்கிறது. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். போகும்போது படிவத்தின் நகல், பணம் கட்டிய ரசீது, அந்தத் தொகுப்பின் ஒரு பிரதி, 5,000 கேட்டு அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளின் அச்சு, உங்கள் கதையின் மூலப் பிரதி ஆகியவற்றைக் கையோடு கொண்டு போங்கள். அந்த வாட்ஸ்அப் செய்திகளை இப்போதே சேமித்து வையுங்கள், அனுப்பிய சில நாட்களுக்குள் அனுப்பியவரால் அவற்றை அழித்துவிட முடியும்.